பெயரைப் போட்டால் ஆள் வந்துவிடுவாரா?

தாராபுரத்திலிருந்து சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். “கண்ணு, பாப்பாவுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்குது. பையன் திருப்பூர்ல பத்து வருஷமா கம்பெனி நடத்தறாராமா. நீ நெட்டுல ஒருக்கா பார்த்துச் சொல்லு.” கொஞ்ச நேரத்தில் பயோடேட்டாவும் ஒரு விசிட்டிங் கார்டின் படமும் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தன.

விசாரிப்பது நமக்குப் பழகிய வேலை. மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுப்பார்கள். சலூன்காரர், மளிகைக் கடைக்காரர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் என்று ஒரு சுற்று வந்தால் பையன் குடிப்பானா, கடன் இருக்கிறதா, அம்மா எப்படிப்பட்டவர் என்று எல்லாம் தெரிந்துவிடும். இணையத்தில் இதெல்லாம் கிடைக்காது. ஒருவர் எந்தெந்த அரசு அலுவலகத்தில், எந்தெந்தக் கோர்ட்டில் பதிவாகியிருக்கிறாரோ அந்தக் காகிதங்களின் நிழல் மட்டும்தான் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த நிழலைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது என்று தெரியாததால்தான் பலர் கூகுளில் பெயரை அடித்துவிட்டு, “ஒண்ணும் வரலை, நல்ல ஆளுதான்” என்று முடிவு கட்டுகிறார்கள்.

பெயரைப் போட்டால் ஏன் ஒன்றும் வருவதில்லை? மாப்பிள்ளையின் பெயரைச் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் தெருவுக்கு இரண்டு செந்தில்குமார் இருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் அடையாளம். அதை முன்னால் போடுபவர்கள் உண்டு, பின்னால் போடுபவர்கள் உண்டு, பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பா பெயரையே முழுசாகச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஆவணங்களில் பெரும்பாலும் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் இன்னொரு சிக்கல்: ‘செ’ எந்த எழுத்தில் தொடங்குகிறது, ‘தி’க்கு எந்த எழுத்து, செந்திலும் குமாரும் ஒட்டியா பிரித்தா என்பதெல்லாம் அன்றைக்கு டைப் அடித்தவரின் கையில் இருந்த விஷயம். ஒரே ஆளின் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருப்பதை நாம் எல்லோரும் நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

அதனால் நான் பெயரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணைத்தான் தேடுவேன். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு வரிக்கும் எங்கோ ஒரு ஆபீஸில் ஒரு பதிவு எண் இருந்தாக வேண்டும். டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவு. ஆடிட்டர் என்றால் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினர் எண். ஃபிளாட் கட்டி விற்கிறார் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு. படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் புதிதாகத் தோன்றினால், போலிப் பல்கலைக்கழகங்கள் என்று யுஜிசி வெளியிடும் பட்டியலில் ஒரு பார்வை. இவையெல்லாம் ஐந்து நிமிட வேலை.

சித்தப்பா அனுப்பிய விசிட்டிங் கார்டில் ஜிஎஸ்டி எண் இருந்தது. எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஜிஎஸ்டி எண் ரகசியமே கிடையாது. நிறுவனத்தின் வாசல் பலகையில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே விதி. பதினைந்து எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். பானின் நான்காவது எழுத்து அது யாருடையது என்பதைச் சொல்லும்: தனி ஆள் என்றால் ‘பி’, கம்பெனி என்றால் ‘சி’, பார்ட்னர்ஷிப் என்றால் ‘எஃப்’, டிரஸ்ட் என்றால் ‘டி’. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவான தேதி, முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். எந்தெந்த மாதத்துக்கு என்றைக்கு ரிட்டர்ன் தாக்கல் ஆனது என்பதும் வரும். வியாபாரம் எவ்வளவு என்று வராது. ஆனால் மாதாமாதம் ஒழுங்காகத் தாக்கல் செய்கிற ஆளா, ஆறு மாதத்தைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் போடுகிற ஆளா என்பது தெரியும். எனக்கு வருமானத்தைவிட அது நல்ல தகவலாகப் படுகிறது.

எண்ணைப் போட்டேன். பதிவு உயிரோடு இருந்தது, தாக்கலும் ஒழுங்கு. பதிவான தேதி மட்டும் 2023. பத்து வருஷமாகக் கம்பெனி நடத்துகிறவருக்கு 2023-இல் பதிவா? ஜிஎஸ்டி 2017 ஜூலையிலேயே வந்துவிட்டதே.

சரி, கம்பெனிதானே என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்துக்குப் போனேன். கம்பெனியின் அடிப்படைத் தகவல்களை, இயக்குநர்கள் யார் என்பதை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கு மாதிரியான ஆவணங்களைத் திறக்க மட்டும் சின்னக் கட்டணம். ஒவ்வொரு இயக்குநருக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. அதை வைத்து அவர் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார் என்றும் பார்க்கலாம். தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியலும் உண்டு. அதைக் கண்டு உடனே மிரளக் கூடாது. 2017-இல் மத்திய அரசு ஒரே மூச்சில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களைத் தகுதி நீக்கம் செய்தது. கறுப்புப் பணத்தைச் சுற்றவிடும் போலிக் கம்பெனிகளுக்கு வைத்த குறிதான், ஆனால் மூன்று ஆண்டு கணக்குத் தாக்கல் செய்ய மறந்த சின்னச் சின்ன ஆட்களும் அதில் மாட்டினார்கள். வழக்குப் போட்டவர்களில் பலருடைய தகுதி நீக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது.

மாப்பிள்ளையின் கம்பெனி அந்தத் தளத்தில் எங்குமே இல்லை. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன்: “பத்து வருஷம்கறது பொய் மாதிரி இருக்குதுங்க சித்தப்பா. கம்பெனின்னு ஒண்ணு ரிஜிஸ்டரே ஆகலை.” அந்தப் பேச்சை எவ்வளவு சீக்கிரம் திரும்ப வாங்க வேண்டியிருந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இடையில் கோர்ட். இலவசத் தளங்களிலேயே அதிகம் பயன்படுவதும் அதிகம் தப்பாகப் படிக்கப்படுவதும் கோர்ட் வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ்தான். மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு, கட்சிக்காரர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் நடப்பு வழக்குகளும் முடிந்த வழக்குகளும் வரும். பெயருக்குக் குறைந்தது மூன்று எழுத்து போதும். முழுப் பெயரை அடிக்காமல் முதல் நாலைந்து எழுத்தோடு நிறுத்திக்கொண்டால் எழுத்துக்கூட்டல் தொல்லையில் பாதி தீரும். இந்தியா முழுவதையும் ஒரே தட்டில் தேடும் வசதி கிடையாது. ஆள் படித்த ஊர், தொழில் செய்யும் ஊர், சொந்த ஊர் என்று வளாகம் வளாகமாக, ஆண்டு ஆண்டாகப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றம் தனி. பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை இது.

பட்டியல் வந்த பிறகுதான் படிக்கத் தெரிய வேண்டும். வழக்கு எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள்தான் கதை. ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு: பாகப் பிரிவினை, பாதைத் தகராறு, கொடுத்த கடன். எம்.சி.ஓ.பி. என்றால் வாகன விபத்து இழப்பீடு. அடிபட்டவர் பெயரும் வரும், வண்டிக்காரர் பெயரும் வரும். எச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் மனு. முந்தைய கல்யாணம் ஒன்று இருந்ததா என்ற கேள்விக்கு விடை இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஐ.பி. என்றால் திவால் மனு. காசோலை திரும்பிய வழக்குகள் சி.சி., எஸ்.டி.சி. என்று குற்றவியல் எண்ணில் வருவதால் பார்த்தவுடன் பயமாக இருக்கும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது நம் ஆள் எந்தப் பக்கம் என்பதுதான். திருப்பூர் மாதிரி கடன் வியாபாரம் நடக்கும் ஊரில், பணம் வர வேண்டி வழக்குப் போட்டவர் பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

நான் தேடியபோது அதே இனிஷியலோடு ஒரு செந்தில்குமார் மேல் காசோலை வழக்கு ஒன்று இருந்தது. உத்தரவைத் திறந்தால் அவருக்கு வயது 58. மாப்பிள்ளைக்கு 31. தந்தை பெயரும் வேறு. இதைச் சரிபார்க்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வயது, தந்தை பெயர், முகவரி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாத வரை அது வேறு ஆள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

போலீஸ் பக்கம் பார்த்தால், எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் எஃப்ஐஆரைப் பார்க்கக் காவல் நிலையமும் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குக் குடிவருபவர், வேலைக்குச் சேருபவர் பற்றிய சரிபார்ப்பைக் காவல்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறது. கல்யாணத்துக்கு அதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான்.

சொந்த வீடு என்று பயோடேட்டாவில் இருந்தது. சித்தப்பா வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். பெண் கேட்கும் வீட்டின் வில்லங்கச் சான்றை எடுப்பது எனக்கு நாகரிகமாகப் படவில்லை. ஆனால் ஒருவருக்கு லட்சக்கணக்கில் போக்கியத்துக்கோ அட்வான்ஸாகவோ பணம் தரும் முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டைக் காட்டிப் போக்கியம் பேசுகிறவர் உண்மையில் உரிமையாளரா, அவரே வாடகைக்கு இருப்பவரா, வங்கியில் அடமானம் கிடக்கிறதா? தமிழ்நாடு பதிவுத்துறைத் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் விற்பனை, அடமானம், செட்டில்மென்ட், கோர்ட் ஜப்தி எல்லாம் வரிசையாக வரும். பட்டா யார் பெயரில் என்பதை வருவாய்த்துறைத் தளத்தில் தனியாகப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும், அல்லது ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். உயில், பதிவு செய்யாத ஒப்பந்தம், கைமாற்றுக் கடன் ஆகியவை வில்லங்கத்தில் வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபோன் நம்பரிலிருந்து ஆளைப் பிடிக்கலாமா? ட்ரூகாலரில் வரும் பெயர் மற்றவர்கள் அவரை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான். “செந்தில் வட்டி” என்று வந்தால் அதுவும் ஒரு தகவல்தான், ஆனால் சாட்சியம் ஆகாது. அதைவிட உறுதியானது யுபிஐ. பணம் அனுப்பப் போகிற மாதிரி நம்பரைப் போட்டாலே வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் வரும். வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் 30 முதல் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் (என்பிசிஐ) கட்டாயமாக்கிவிட்டது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு யாரோ ஒருவரின் தனிக் கணக்குக்குப் பணம் கேட்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் ஒரு ஃபோன் நம்பர் மேலோ யுபிஐ ஐடி மேலோ ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கலாம்.

முகத்தை மட்டும் தெரிந்து, ஆளை நேரில் பார்க்காமலே பழகுகிற இடங்களில் அந்தப் படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று படத்தை வைத்தே தேடுவதுதான் முதல் வேலை. கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் போட்டால், “லண்டன் டாக்டர்” என்று மேட்ரிமோனி தளத்தில் பேசுகிறவரின் படம் ஏதோ ஒரு விளம்பர மாடலுடையது என்பது சில நேரம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு வரைந்த முகங்கள் வந்த பிறகு இந்த வழி பழைய அளவுக்குக் கை கொடுப்பதில்லை. ஒரு வெப்சைட்டைக் காட்டி “இருபது வருஷ நிறுவனம்” என்றால், அந்தத் தளத்தின் டொமைன் என்றைக்குப் பதிவானது என்று இலவசமாகப் பார்க்கலாம். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள், தேதி மட்டும் தெரிகிறது. பெரும்பாலும் தேதியே போதும்.

இதையெல்லாம்விட ஒரு சரிபார்ப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட். 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி அவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-இல் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுகிற ஆள் இந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். இலங்கையில் இதே வேலைக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பட்டியல் இருக்கிறது. பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று வருபவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் சசேத் தளம். டெபாசிட் வாங்க அனுமதி உள்ளவர்கள் யார் என்று அங்கே பார்க்கலாம், புகாரும் தரலாம்.

தேர்தலில் நின்றவர்கள் விஷயத்தில் மட்டும் நமக்குக் கொழுத்த ஆவணம் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2002-இல் தந்த தீர்ப்பின் பயனாக, நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்பாளர்கள் சொத்து, கடன், படிப்பு, வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். டெபாசிட் இழந்த சுயேச்சைகூடத் தப்ப முடியாது.

எதுவரை போகலாம்? என் தங்கையின் வாழ்க்கைக்காக நான் வீட்டில் உட்கார்ந்து பொதுப் பதிவைப் பார்ப்பதை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கவில்லை. சொந்த, வீட்டுத் தேவைக்கு அது பொருந்தாது. ஆனால் பொதுவில் இருப்பது வேறு, தோண்டி எடுப்பது வேறு. “கால் டீட்டெயில் எடுத்துத் தர்றேன்” என்று காசு கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அது குற்றம், வாங்குகிறவரும் மாட்டுவார். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைப் பின்தொடர்ந்து கண்காணிப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் தனிக் குற்றம். பெண் பார்க்கப் போகும் முன் பெண்ணின் இன்ஸ்டாகிராமைப் போலிக் கணக்கில் தினமும் மேய்கிற மாப்பிள்ளைகள் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய பதிவுகள் ஆளைத் துரத்துவதும் சின்ன விஷயமில்லை. குற்ற வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பில் தன் பெயர் இணையத்தில் கிடப்பதை நீக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாக, தீர்ப்புகளை வெளியிடும் இந்தியன் கானூன் தளத்திலிருந்து தீர்ப்பை நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. திறந்த நீதிமன்றம் என்பது பெரிய கொள்கை, அதை விட முடியாது. ஆனாலும் விடுதலை என்ற கடைசிப் பக்கம் வரை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

சரி, 2023 விஷயத்துக்கு வருவோம். பொய் என்று நான் சொன்னதைச் சித்தப்பா மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நேரே மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டார். அவர் சிரித்திருக்கிறார். கம்பெனி முதலில் அவர் ஒருவர் பெயரில் இருந்ததாம். 2023-இல் மகனைப் பங்குதாரராகச் சேர்த்துப் பார்ட்னர்ஷிப்பாக மாற்றியபோது பான் மாறியது, பான் மாறியதால் புது ஜிஎஸ்டி எண். மகன் அப்பாவோடு தொழிலில் இருப்பது பத்து வருஷமாக. ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, அதாவது பானின் நான்காவது எழுத்து, ‘எஃப்’ என்று என் கண் முன்னாலேயே இருந்தது. சாதாரணப் பார்ட்னர்ஷிப் நிறுவனங்கள் கம்பெனி அமைச்சகத் தளத்தில் வரவே வராது. திருப்பூரில் நான்கு தையல் மெஷின் போட்டிருந்தாலும் அதற்குப் பெயர் கம்பெனிதான் என்பது நான் பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தை, அதையும் மறந்துவிட்டேன்.

அதே போனில் மாப்பிள்ளையின் அப்பா ஒன்று கேட்டாராம். “தப்பா நினைக்காதீங்க. உங்க மேல தாராபுரம் கோர்ட்டுல ஓ.எஸ். ஒண்ணு காட்டுதுங்களே, நாலாவது பிரதிவாதின்னு?”

தாத்தா இறந்த பிறகு அத்தைமார்கள் போட்ட பாகப் பிரிவினை வழக்கு அது. நாலாவது பிரதிவாதி சித்தப்பா, மூன்றாவது என் அப்பா. லோக் அதாலத்தில் சமரசமாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அத்தைகள் இருவரும் பொங்கலுக்கு வந்து போகிறார்கள். அந்தச் சமரசத் தீர்ப்பின் நகலைத் தேடி சித்தப்பா இரண்டு நாள் பீரோவைக் குடைந்தார். நான் இ-கோர்ட்ஸில் எங்கள் பெயரை முதல் முறையாகப் போட்டுப் பார்த்தேன். ‘வழக்கு முடிந்தது’ என்று மட்டும் இருந்தது, எப்படி முடிந்தது என்று இல்லை.